247 எழுத்தில் 55 மட்டும் ஊமை: ஜாவா கிளிப் புதிர்

தறிச்சத்தம்:

வணக்கம். நான் புரோகிராமர் இல்லை, விசைத்தறிக் கூடத்தில் கணக்கு எழுதுகிறவன். பன்னிரண்டாம் வகுப்பில் ஸ்டார் ஆபீசும் சி பிளஸ் பிளஸ்ஸும் படித்த காலத்து ஆள். ஜாவாவை இரண்டு வருடமாக ராத்திரி நேரத்தில் நானாகவே கற்றுக்கொண்டு வருகிறேன். கைபேசியிலிருந்து எழுதுவதால் புரோகிராம் வரிகளை அப்படியே ஒட்ட முடியவில்லை. மெத்தட் பெயர்களைத் தமிழிலேயே தட்டியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் யூகேஜி படிக்கிறாள். அவளுக்காக ஸ்விங்கில் (ஜாவாவில் ஜன்னல், பட்டன் போடும் நூலகம்) ஒரு சின்ன புரோகிராம். திரையில் 247 பட்டன்கள். எதை அழுத்துகிறாளோ அந்த எழுத்து ஒலிக்க வேண்டும். குரல் என் அம்மாவுடையது. ஒன்றாம் வகுப்புக்கே பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரே மதியத்தில் 247-ஐயும் சொல்லி முடித்துவிட்டார். "ஙௌவெல்லாம் எவன்டா பேசப்போறான்" என்று போனில் என்னிடம் கேட்டவர்தான், ஆனாலும் ஒன்றைக்கூட விடவில்லை. தங்கை அவளுடைய பழைய மேக்கில் ஆடாசிட்டியில் பதிவு செய்து, ஒவ்வொரு எழுத்துக்கும் லேபிள் போட்டு, மொத்தமாக வேவ் கோப்புகளாக ஏற்றுமதி செய்து, கூகுள் டிரைவில் போட்டாள். கோப்பின் பெயரே எழுத்துதான். க என்றால் 'க.வேவ்', கா என்றால் 'கா.வேவ்'. என் கணினி விண்டோஸ், ஜாவா 17.

'எழுத்து' என்று ஒரு கிளாஸ். (கிளாசுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம் என்று தெரிந்த அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. கம்பைல் செய்யும்போது என்கோடிங் யூடிஎஃப்-8 என்று சொல்லாததால் முதலில் எல்லாம் குப்பையாக வந்தது வேறு கதை.) ஒவ்வொரு 'எழுத்து' ஆப்ஜெக்டும் தன் பெயரைத் தெரிந்து வைத்திருக்கும். 'ஒலி' என்ற மெத்தடைக் கூப்பிட்டால் அந்தப் பெயரில் உள்ள கோப்பை கெட்ரிசோர்ஸ் வழியாக எடுத்து, ஒரு கிளிப் (ஒலியை ஏற்றி ஓட்டும் ஜாவா ஆப்ஜெக்ட்) உருவாக்கி, ஓபன், ஸ்டார்ட். அவ்வளவுதான்.

முதல் சோதனையில் சத்தமே வரவில்லை. ஸ்டார்ட் என்பது ஒலிக்கச் சொல்லிவிட்டு உடனே திரும்பி வந்துவிடும், மெயின் முடிந்துவிட்டால் புரோகிராமே மூடிக்கொள்ளும், ஜன்னல் ஒன்று திறந்திருந்தால் அந்தச் சிக்கல் வராது என்று பிறகு புரிந்தது. அதைத் தாண்டிவிட்டேன். இப்போது மாட்டிக்கொண்டிருப்பது வேறு இரண்டு இடங்களில்.

ஒன்று: 192 எழுத்து நன்றாக ஒலிக்கிறது, 55 எழுத்து ஊமை. பிழைச் செய்தி எதுவும் இல்லை. எந்த 55 என்று உட்கார்ந்து குறித்தேன். கொ, ஙொ, சொ வரிசை முழுக்க. கோ வரிசை முழுக்க. கௌ வரிசை முழுக்க. அது 18 மூன்று 54. கூடவே உயிரெழுத்தில் ஔ. ஆனால் ஒ, ஓ இரண்டும் ஒலிக்கின்றன! கோப்புகள் ஃபோல்டரில் இருக்கின்றன, கண்ணால் பார்க்கிறேன், இரட்டைக் கிளிக் செய்தால் மீடியா பிளேயரில் அம்மா "கொ" என்கிறார். என் புரோகிராமுக்கு மட்டும் காது கேட்கவில்லை.

இரண்டு: அரை மணி நேரம் மகள் விடாமல் அழுத்தினால் ஒரு கட்டத்தில் எல்லா எழுத்தும் ஊமையாகிவிடுகிறது. மூடித் திறந்தால் சரியாகிறது.

அவள் இப்போது கொக்கு, கோழி, கோயில் மூன்றையும் "பேசாத எழுத்து" என்கிறாள்.

வேவ்_மட்டும்:

தங்கை ஏற்றுமதி செய்யும்போது சில கோப்புகள் 24 பிட்டில் போயிருக்குமோ? ஜாவாவின் உள்ளமைந்த ஒலி நூலகம் 16 பிட் வேவ், ஏயூ, ஏஐஎஃப்எஃப் என்றால் சமர்த்தாக வாசிக்கும். 24 பிட் கொடுத்தால் பல கணினிகளில் 'இந்த ஃபார்மட்டுக்கு லைன் (ஒலிப் பாதை) இல்லை' என்று கை விரித்துவிடும். எம்பி3 என்றால் திரும்பியே பார்க்காது. மீடியா பிளேயரில் ஓடுகிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், அது எதைப் போட்டாலும் ஓட்டும். கோப்பின் மீது வலது கிளிக் செய்து பிட் ரேட் பாருங்கள். 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ என்றால் 705 கேபிபிஎஸ் காட்டும்.

தறிச்சத்தம்:

பார்த்துவிட்டேன். எல்லாமே 705. ஊமை எழுத்துகளும் அதேதான்.

வெட்டிக்கோடர்:

பிட் ரேட் இல்லை அண்ணே. பழுதான கோப்புகள் இப்படி இலக்கண சுத்தமாக வரிசை கட்டி நிற்காது. ஒகர, ஓகார, ஔகார வரிசை மட்டும் என்றால் பெயரில்தான் ஏதோ இருக்கிறது.

அதற்கு முன் ஒரு கேள்வி. "பிழைச் செய்தி எதுவும் இல்லை" என்கிறீர்களே, பிழையைப் பிடிக்கிற உங்கள் கேட்ச் பகுதிக்குள் என்ன எழுதியிருக்கிறீர்கள்? ஒன்றுமில்லை, இல்லையா? இரண்டு அடைப்புக்குறிக்கு நடுவே வெற்றிடம். யூடியூப் பாடம் பார்த்துப் படிக்கிற எல்லோரும் செய்கிற வேலை அது. கெட்ரிசோர்ஸ் கோப்பைக் காணவில்லை என்றால் சண்டை போடாது, சத்தமில்லாமல் நல், அதாவது 'ஒன்றுமில்லை', என்று கொடுத்துவிடும். அந்த நல்லைத் தூக்கி ஆடியோசிஸ்டத்திடம் கொடுத்தால் அது நல் பாயின்டர் எக்செப்ஷன் என்ற பிழையை வீசும். உங்கள் காலி கேட்ச் அதைப் பிடித்து விழுங்கிவிடும். புரோகிராம் உங்களிடம் 55 தடவை அலறியிருக்கிறது, நீங்கள்தான் வாயைப் பொத்தியிருக்கிறீர்கள். பிழையை அச்சிட்டுக் காட்டும் பிரின்ட்ஸ்டாக்டிரேஸ் ஒரு வரி போடுங்கள்.

அப்புறம் இதையும் செய்யுங்கள். உங்கள் கோடில் உள்ள 'கொ' என்ற ஸ்ட்ரிங்கின் நீளத்தையும், ஒவ்வொரு கேரக்டரின் எண்ணையும் அச்சிடுங்கள். பிறகு ஃபோல்டரை லிஸ்ட்ஃபைல்ஸ் வைத்துப் படித்து, அங்கிருக்கிற 'கொ' கோப்பின் பெயருக்கும் அதையே செய்யுங்கள். என்ன வருகிறது என்று இங்கே போடுங்கள்.

இரண்டாவது பிரச்சினை சுலபம். ஒவ்வொரு அழுத்தலுக்கும் புதுக் கிளிப் திறக்கிறீர்கள், ஒன்றைக்கூட மூடவில்லை. திறந்த ஒவ்வொரு கிளிப்பும் ஒலி அமைப்பிடமிருந்து ஒரு லைனை வாங்கிக் கையில் வைத்துக்கொள்கிறது. ஒலித்து முடித்தாலும் விடாது, நீங்கள் குளோஸ் சொன்னால்தான் விடும். ஒரு கட்டத்தில் கொடுக்க லைன் இருக்காது. அதற்கும் ஒரு எக்செப்ஷன் வந்திருக்கும், அதையும் கேட்ச் விழுங்கியிருக்கும். லைன்லிசனர் ஒன்றைச் சேர்த்து, ஸ்டாப் நிகழ்வு வந்ததும் குளோஸ் செய்யுங்கள். இல்லையென்றால் பழைய கிளிப்பையே திரும்பப் பயன்படுத்துங்கள்.

தறிச்சத்தம்:

திரும்பப் பயன்படுத்தத்தான் முதலில் முயன்றேன். முதல் தடவை ஒலிக்கும், இரண்டாம் தடவை அழுத்தினால் ஒன்றும் வராது. அதனால்தான் புதிது புதிதாகத் திறக்க ஆரம்பித்தேன்.

கேட்ச் விஷயத்தில் பிடிபட்டுவிட்டேன். காலிதான்.

எண்கள் இதோ. கோடில் உள்ள கொ: நீளம் 2. எண்கள் 2965, 3018. ஃபோல்டரில் உள்ள கொ: நீளம் 3. எண்கள் 2965, 3014, 3006.

இரண்டையும் அடுத்தடுத்து அச்சிட்டால் கொ, கொ. ஒரு புள்ளிகூட வித்தியாசம் தெரியவில்லை. இரண்டும் ஒன்றா என்று ஈக்குவல்ஸ் மெத்தடைக் கேட்டால் இல்லை என்கிறது. பேய் பிடித்த மாதிரி இருக்கிறது.

வெட்டிக்கோடர்:

இரண்டாம் தடவை வராததற்குக் காரணம், கிளிப் பழைய கேசட் மாதிரி. முடிந்த இடத்திலேயே நிற்கும். மறுபடி ஸ்டார்ட் சொன்னால் முடிவிலிருந்து முடிவு வரை ஒலிக்கும், அதாவது ஒன்றுமில்லை. ஸ்டார்ட்டுக்கு முன்னால் செட்ஃபிரேம்பொசிஷன் பூஜ்யம். மறக்காமல் அதற்கும் முன்னால் ஸ்டாப்.

பேயை ஓட்ட வேறு ஆள் வருவார், பொறுங்கள்.

துணைக்கால்:

வந்துவிட்டேன். என் புனைபெயரே இந்தப் பேயைப் பார்த்து வைத்ததுதான்.

கொ-வைப் பலகையில் எப்படி எழுதுவார்கள் என்று உங்கள் அம்மாவையே கேளுங்கள். முன்னால் ஒற்றைக்கொம்பு, நடுவில் க, பின்னால் துணைக்கால். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் இதை இரண்டு விதமாக எழுதலாம். 3018 என்பது ஒகரக் குறி முழுதாக, ஒரே எண்ணில். 3014 ஒற்றைக்கொம்பு, 3006 துணைக்கால். இவற்றை அடுத்தடுத்து வைத்தாலும் அதே கொ. யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம். ஆனால் ஜாவாவின் ஈக்குவல்ஸ் சமம் பார்க்காது, எண்ணைத்தான் பார்க்கும். நீங்கள் தமிழில் வைக்கிற கிளாஸ் பெயர்களுக்கும் இதே கதிதான். ஒரே பெயரை இரண்டு விதமாகத் தட்டினால் ஜாவாவுக்கு இரண்டு வேறு பெயர்.

தமிழ் எழுத்துகளில் இப்படிப் பிரிகிற எண்கள் நான்கே நான்கு: ொ, ோ, ௌ ஆகிய மூன்று குறிகள், உயிரெழுத்து ஔ. ஒ, ஓ பிரியாது. 18 மூன்று 54, ஒன்று சேர்த்தால் 55. உங்கள் பட்டியல் அப்படியே.

பிரித்தது தங்கையின் மேக். 2017-இல் ஆப்பிள் புதிய கோப்பு முறைக்கு மாறியது. அதற்கு முன் இருந்த எச்எஃப்எஸ் பிளஸ், கோப்புப் பெயர் எதைக் கொடுத்தாலும் பிரித்துத்தான் சேமிக்கும். டிரைவில் ஏற்றி இறக்கியபோதும் பிரிந்தபடியே வந்திருக்கிறது, விண்டோசும் வந்ததை அப்படியே வைத்துக்கொண்டது. கொரியாக்காரர்களுக்கு இது அன்றாடத் தலைவலி. மேக்கிலிருந்து கோப்பு போனால் அவர்களுக்குப் பெயரின் அசைகள் தனித்தனி எழுத்தாக உதிர்ந்து தெரியும், அதனால் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். நமக்கு எழுத்துரு அழகாகச் சேர்த்துக் காட்டிவிடுவதால் கண்ணுக்குச் சிக்குவதே இல்லை.

ஜாவாவிலேயே நார்மலைசர் என்று ஒரு கிளாஸ் இருக்கிறது. சேர்த்த வடிவத்துக்கு என்எஃப்சி, பிரித்த வடிவத்துக்கு என்எஃப்டி. தேடும் பெயரை என்எஃப்டி ஆக்கினாலும் கோப்பு கிடைக்கும், ஒரே வரி வேலை. ஆனால் அதைச் செய்யாதீர்கள். நாளைக்கு நீங்களே உங்கள் கணினியில் ஒரு கோப்பைப் பதிவு செய்து சேர்த்தால் அது தேட முடியாமல் போகும். பத்து வரியில் தனி புரோகிராம் எழுதி, ஃபோல்டரில் உள்ள எல்லாப் பெயரையும் என்எஃப்சிக்கு மாற்றிவிடுங்கள். ஒரு தடவை ஓட்டினால் போதும்.

தறிச்சத்தம்:

சார், கொக்கு பேசிவிட்டது! கோழியும் பேசிவிட்டது. 36 எழுத்து வந்துவிட்டது. ராத்திரி பதினொன்றரைக்கு "மோ" என்று அம்மா குரல் கேட்டு மனைவி எழுந்து வந்துவிட்டாள்.

ஆனால் கௌ வரிசை 18-ம், ஔ-வும் இன்னும் ஊமைதான். பெயர் மாற்றும் புரோகிராம் எல்லாக் கோப்பையும் தொட்டது, நானே அச்சிட்டுப் பார்த்தேன். கேட்ச் இப்போது காலி இல்லை, "கோப்பு இல்லை: கௌ" என்று தெளிவாகச் சொல்கிறது.

துணைக்கால்:

ஃபோல்டரில் இருக்கிற கௌ-வின் எண்களைப் போடுங்கள். எனக்கு ஒரு சந்தேகம்.

தறிச்சத்தம்:

2965, 3014, 2995. நீளம் 3.

துணைக்கால்:

அதேதான். 2995 என்பது ள. தெளிவு, வெள்ளம், பள்ளத்தில் வருகிற முழு ள. ஔகாரக் குறியின் பின்பாதி 3031, பார்க்க ள மாதிரியே இருக்கும், ஆனால் அது ள இல்லை. உங்கள் தங்கை லேபிள் தட்டும்போது கெ அடித்து ள அடித்திருக்கிறார். ஔ-வுக்கு ஒ அடித்து ள. தட்டச்சுப் பொறிக் காலத்திலிருந்து வந்த பழக்கம், அவரைக் குறை சொல்லாதீர்கள். பாதி இணையம் இப்படித்தான் கெளரவம், ஒளவை என்று எழுதிக்கொண்டிருக்கிறது.

இதை நார்மலைசரால் சரிசெய்ய முடியாது. அதன் கணக்கில் கெள என்பது கெ, ள என்ற இரண்டு எழுத்து, அது உண்மையும்கூட. உங்கள் கோப்புகள் ஒற்றை எழுத்துப் பெயர்கள் என்பதால் 3014-ஐயும் 2995-ஐயும் சேர்த்து 3020 ஆக்கலாம், ஆபத்தில்லை. ஔ-வைத் தனியாகக் கையால் மாற்றிவிடுங்கள். ஆனால் வேறு எங்கேயாவது வாக்கியங்கள் உள்ள கோப்பில் இந்த மாற்றத்தை ஓடவிட்டால் தெளிவு, வெளி, கெளுத்தி எல்லாம் கெட்டுப்போகும். நான் ஒரு தடவை செய்து மாட்டியிருக்கிறேன், எங்கே என்று கேட்காதீர்கள்.

பழையமரம்:

நல்ல வேட்டை. எனக்கு ஆப்லெட் (உலாவிக்குள் ஓடிய ஜாவா புரோகிராம்) காலம் ஞாபகம் வருகிறது. ஆடியோகிளிப் என்று ஒரு இன்டர்ஃபேஸ். பிளே, லூப், ஸ்டாப், மூன்றே மெத்தட். 8,000 ஹெர்ட்ஸ் ஏயூ கோப்பு தவிர எதுவும் ஓடாது, தொலைபேசியில் பாட்டுக் கேட்ட மாதிரி இருக்கும். 2000-இல் ஜாவா 1.3-உடன் இப்போதிருக்கும் ஒலி நூலகம் வந்தது. தரம் கூடியது, கூடவே இந்த லைன், மிக்சர், ஃபார்மட் சள்ளைகளும் கூடின.

நான் சொல்ல வந்தது வேறு. 'எழுத்து' ஆப்ஜெக்ட் ஏன் கிளிப்பைத் தொட வேண்டும்? எழுத்துக்குத் தன் பெயர் தெரிந்தால் போதும். ஒலிக்க வைக்கிற வேலையை 'ஒலிப்பான்' என்று ஒரே ஒரு ஆப்ஜெக்டிடம் கொடுங்கள். தொடங்கும்போது 247 கோப்பையும் படித்து, பைட் அரேயாக ஒரு மேப்பில் வைத்துக்கொள்ளட்டும். பயப்பட வேண்டாம்: மோனோ 16 பிட் என்றால் வினாடிக்கு 88,200 பைட். எழுத்துக்கு ஒன்றேகால் வினாடி போட்டாலும் மொத்தம் 27 எம்பி. கிளிப் ஒன்றே ஒன்று. யார் கூப்பிட்டாலும் ஸ்டாப், குளோஸ், அந்த எழுத்தின் பைட்டுகளை வைத்து ஓபன், ஸ்டார்ட். குளோஸ் செய்யாமல் மறுபடி ஓபன் சொன்னால் ஏற்கெனவே திறந்திருக்கிறது என்று திட்டும், அது ஒன்றை மட்டும் கவனியுங்கள். லைன் தீர்ந்துபோகும் பேச்சே இதில் இல்லை.

எல்லாவற்றையும் ஜார் என்ற ஒரே கோப்பாகக் கட்டும்போது கெட்ரிசோர்ஸ்அஸ்ஸ்ட்ரீமுக்கு மாறினால் 'மார்க், ரீசெட் முடியாது' என்று ஒரு பிழை வரலாம். பஃபர்ட் இன்புட்ஸ்ட்ரீம் ஒன்றைச் சுற்றிவிடுங்கள், போய்விடும்.

வெட்டிக்கோடர்:

ஒரே கிளிப் என்றால் அடுத்ததை அழுத்தியதும் முதல் ஒலி பாதியில் அறுந்துபோகுமே. பிள்ளைகள் தடதடவென்று அழுத்துவார்கள், ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒலித்தால்தான் அவர்களுக்குக் குஷி. நான்கைந்து கிளிப்புகளை ஒரு குளத்தில் போட்டுச் சுழற்சியாகப் பயன்படுத்தலாம்.

தறிச்சத்தம்:

இதை அம்மாவிடமே கேட்டேன். "ஒண்ணு முடிஞ்சப்புறம்தான் அடுத்தது. சொல்லி முடிக்கிறதுக்குள்ள அடுத்ததுக்குப் போனா எதுவும் மனசுல நிக்காது" என்றார். முப்பது வருடம் ஒன்றாம் வகுப்பு. நான் எதிர்த்துப் பேசவில்லை. அதனால் ஒரே கிளிப். இஸ்ரன்னிங் (கிளிப் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று சொல்லும் மெத்தட்) உண்மை என்றால் அழுத்தலைக் கண்டுகொள்ள மாட்டேன். மகளுக்கு முதல் நாள் கோபம், இப்போது காத்திருக்கப் பழகிவிட்டாள். பழையமரம் சார் சொன்னபடி ஒலிப்பான் தனி கிளாஸ். 'எழுத்து' கிளாஸ் 40 வரியிலிருந்து 9 வரிக்கு இறங்கிவிட்டது.

19 எழுத்தும் பேசிவிட்டன. வரிசையாக அழுத்திக்கொண்டே வந்தேன். ஞௌ-வில் பின்னால் குக்கர் விசில், அது பரவாயில்லை. கடைசிக் கோப்பு னௌ. அம்மா "னௌ" என்று சொல்லிவிட்டு, மூச்சு வாங்கி, "போதுமாடி?" என்று கேட்கிறார். தங்கை வெட்ட மறந்திருக்கிறாள். இத்தனை நாள் அந்தக் கோப்பு ஊமையாகக் கிடந்ததால் யார் காதிலும் விழவில்லை.

மகள் அந்த எழுத்தின் பெயரே 'னௌபோதுமாடி' என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். வெட்டிவிடலாமா?

வெட்டிக்கோடர்:

வெட்டினால் நான் இந்தத் திரிக்கே வர மாட்டேன்.

தறிச்சத்தம்:

வெட்டவில்லை. அசல் கோப்பை வேறு ஃபோல்டரில் ஒரு பிரதி எடுத்தும் வைத்திருக்கிறேன். பெயரை 3020 போட்டுத்தான்.